நாய்க்குக்கூட ஒரு முத்திரை

மெரிகோம்ப் பள்ளிச் சமையற்கட்டில் பெரில் கான்டர் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். நூற்றிருபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கை அது. நான் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். அவளுக்கு என் பெயர் தெரியும், ஆனாலும் இன்றுவரை என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவள் மூரில், அதாவது ஊரை ஒட்டிய டார்ட்மூர் பொட்டல் மேட்டில், நடக்க ஆரம்பித்தது கணவனுக்காக. கிளெம்முக்கு ரத்த அழுத்தம், ஞாயிறுதோறும் ஐந்து மைல் நடக்கச் சொன்னார் டாக்டர். கிளெம் மூன்று ஞாயிறு நடந்தான். நான்காவது ஞாயிறு மழை என்று வீட்டில் உட்கார்ந்தவன் அப்புறம் நடக்கக் கிளம்பவே இல்லை. பெரில் மட்டும் தொடர்ந்து போனாள். அந்த மூன்றாவது ஞாயிறன்று ஒரு பாறையிடுக்கில் அவள் கைக்கு ஒரு தகரப்பெட்டி தட்டுப்பட்டிருந்தது. உள்ளே ஒரு ரப்பர் முத்திரை, மைப்பஞ்சு, ஈரத்தில் ஊதிய ஒரு நோட்டு. வந்தவர்கள் அந்த நோட்டில் பெயர் எழுதி, முத்திரையைத் தங்கள் புத்தகத்தில் குத்திக்கொண்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே ஒளித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் தபால்பெட்டி தேடுவது. டார்ட்மூர் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் ஒளிந்து கிடக்கின்றன. குறிப்புத்தாளை வைத்துக்கொண்டு, காம்பஸ் பிடித்து, கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடுவதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. இரண்டே வருடத்தில் பெரில் நூறு முத்திரை சேர்த்து பேட்ஜ் வாங்கிவிட்டாள். பள்ளியில் பிள்ளைகள் தொலைத்த அழிரப்பர்களைப் பொறுக்கி, காய் நறுக்கும் சின்னக் கத்தியால் தானே முத்திரை செதுக்கவும் பழகிக்கொண்டாள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு பாதை உண்டு. நூறு வருடத்துக்கு முன் இருந்த வீல் பாதிரியாரின் பெயரில் அமைந்தது. ஆள் நுழைய முடியாது என்று எல்லாரும் விட்டுவிட்ட ரட்டர் சதுப்பைத் தாண்டி, நடுவே இருக்கும் ஊற்றை 1871-ல் கண்டுபிடித்தவர் அவர். "தன்னந்தனியாக" என்று அவரே தம் சிறு நூலில் எழுதியிருக்கிறார். பாதை நெடுக ஆறு தபால்பெட்டி. முதல் முத்திரை பாதிரியாரின் தொப்பி, இரண்டாவது கைத்தடி, மூன்றாவது பைப், நான்காவது அவருடைய நாய், ஐந்தாவது அவர் வீட்டு ஜன்னல், ஆறாவது அவர் மூஞ்சி. சதுப்பின் இந்தக் கரையோடு பாதை முடிந்துவிடும். ஊற்றுவரைக்கும் யாரும் போவதில்லை.

அந்த ஆறையும் வைத்தவர் மிஸ்டர் நார்த்மோர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதிப் பெட்டிகளின் பட்டியலைத் தொகுத்து வருடாவருடம் அச்சிடுபவரும் அவரே. அந்தப் பட்டியலில் ஏறாத பெட்டி, பெட்டியாகவே கருதப்படாது.

1984 பிப்ரவரியில், மாதாகோயில் அலமாரிகளைச் சுத்தம் செய்யும் முறை பெரிலுக்கு வந்தது. பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் பென்சிலால் எழுதிய ஒரு குறிப்பேடு கிடந்தது. வீல் பாதிரியாரின் கையெழுத்து. மறுநாள் சமையற்கட்டில், கஸ்டர்டைக் கிண்டிக்கொண்டே என்னைப் படிக்கச் சொன்னாள்.

"சத்தமா படிங்க டீச்சர். நான் படிச்சது சரிதானான்னு பாக்கணும்."

படித்தேன். "இன்றும் தர்ஸா லீமன் முன்னே போனாள். அவள் கால் வைத்த இடத்தில் நான் கால் வைத்தேன். இரண்டு இடத்தில் தவறினேன், இடுப்புவரை. அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். ஊற்றைப் பார்த்தேன். சிறு வயதிலிருந்து பில்பெரிப் பழம் பறிக்க இங்கே வருவதாகச் சொல்கிறாள்."

"இப்ப அச்சுல வந்த அவரோட புத்தகத்தை எடுங்க. பதினொண்ணாம் பக்கம்."

அதில் இருந்தது ஒரே வரி. மதிய உணவுக் கூடையை ஓர் உள்ளூர்ப் பெண் சுமந்து வந்தாள்.

பெரில் அடுப்பை அணைத்தாள். கஸ்டர்டு அடிபிடித்துப்போயிருந்தது. "நாய்க்குக்கூட ஒரு முத்திரை இருக்கு, டீச்சர். சேத்துக்குள்ள விழுந்த மனுஷனைக் கையைப் பிடிச்சு இழுத்தவளுக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

மார்ச் மாதம், தபால்பெட்டி தேடுபவர்களின் கூட்டத்தில் நார்த்மோரிடம் போனாள். கூட்டம் எப்போதும் ஞாயிறு மதியம், பப்பின் பின்னறையில். அவர் குறிப்பேட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். சுவாரசியமாக இருக்கிறது என்றார். ஏழாவதாக ஒரு பெட்டி வைக்கலாமா என்று இவள் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வருஷப் பட்டியல் அச்சுக்குப் போயிடுச்சு, மிஸஸ் கான்டர். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அச்சுக்குப் போறது மே மாசம்தானே? போன வருஷம் மே மாசம்தான் போச்சு."

"இந்தத் தடவை சீக்கிரமே குடுத்துட்டேன்."

ஏப்ரலில், பென்சில் குறிப்பு ஆதாரமாகாது என்றார். ஜூனில், ஊற்றுக்குப் பக்கத்தில் பழங்காலக் கல்வரிசை எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அங்கே பெட்டி வைக்கக்கூடாது என்பது விதி என்றார். கல்வரிசையே இல்லை என்று பெரில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். வரைபடத்தில் இல்லாததாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார். செப்டம்பரில் முத்திரையைக் காட்டச் சொன்னார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பதினோரு நாள் உட்கார்ந்து செதுக்கியிருந்தாள் பெரில். நார்த்மோர் அதைத் தாளில் குத்தி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீ பாட் மாதிரி தெரியுது."

"அது இடுப்புல இருக்குற கை."

"கைப்பிடின்னு நெனச்சேன்" என்றார். பின்னறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. பெரிலுக்கு அது இன்னும் எரிச்சல்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளியில் மசித்த உருளைக்கிழங்கில் ஒரு கட்டிகூட இருக்காது. அவ்வளவு ஆத்திரமாக இடித்தாள்.

1985 ஏப்ரலில், யார் அனுமதியும் கேட்காமல் பெட்டியை வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். நானும் கூடப் போனேன். பாதிரியாரின் குறிப்பேட்டில் வழி இருந்தது. ஹெரன் பாறையின் உச்சியிலிருந்து நேர் மேற்கே இறங்க வேண்டும். சதுப்புக்குள் பளிச்சென்று பச்சையாகத் தெரியும் இடத்தில் கால் வைக்கக்கூடாது. ஊதாப் பூப் பூக்கும் குத்துச்செடி எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே மட்டும் மிதிக்க வேண்டும். குத்துச்செடிகள் சும்மா சிதறிக் கிடப்பதாகத்தான் தூரத்திலிருந்து தோன்றும். இறங்கி நடந்தால் அவை ஒன்றுக்கப்புறம் ஒன்றாக வளைந்து வளைந்து போகும். அறுநூற்று நாற்பது தப்படியில் ஒரு மேடு, மேட்டில் காற்றில் சாய்ந்த ஒற்றைக் குட்டை மரம், அதன் காலடியில் ஊற்று. என் முட்டிவரை சேறு. பெரிலுக்கு பூட்ஸ் மட்டும்தான் நனைந்தது. ஊற்று என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சமையல் சட்டி அளவு. ஆனால் தண்ணீர் பட்டதும் பல் கூசியது.

மரத்து வேருக்குப் பக்கத்தில் கல்லுக்கடியில் பெட்டியை வைத்தோம். நோட்டின் முதல் பக்கத்தில் தர்ஸாவின் கதையைப் பத்து வரியில் எழுதியிருந்தாள்.

குறிப்புத்தாளையும் அவளே எழுதினாள். ஹெரன் பாறை உச்சியிலிருந்து காம்பஸில் 271 டிகிரி, அறுநூற்று நாற்பது தப்படி, பச்சையை மிதிக்காதே, ஊதாவை மிதி, ஒற்றை மரத்தடியில் பார். கையெழுத்து புரியாது என்று கிளெம் சொன்னான். அவன் கல்குவாரி அலுவலகத்தில் எழுத்தர். மற்றவர்கள் எழுதிய கடிதத்தில் பிழை திருத்தித் தட்டச்சு செய்வதுதான் முப்பது வருடமாக அவன் வேலை. அவனே தட்டச்சு செய்து அறுபது பிரதி எடுத்துக் கொண்டுவந்தான். பெரில் அவற்றை அப்படியே கொண்டுபோய் மளிகைக்கடையிலும் பப்பிலும் வைத்தாள்.

மே மாதம் போய்ப் பார்த்தோம். நோட்டில் யாரும் எழுதவில்லை. "இப்பதானே வச்சோம்" என்றாள்.

ஜூனில் போனோம். வெற்று நோட்டு.

ஜூலையில் பிரதிகள் தீர்ந்துபோய் கிளெம் இன்னும் அறுபது எடுத்தான். ஆக, ஆட்கள் எடுத்துப் போகிறார்கள். மூரில் எதிரே வருபவர்கள் கையில் அந்தத் தாளை நானே பார்த்தேன். நோட்டு மட்டும் வெறுமையாகவே இருந்தது. ஆகஸ்டில் பெரிலுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. எக்ஸிடரிலிருந்து ஒரு தம்பதி, நான்கு மணி நேரம் தேடியும் மரமும் இல்லை பெட்டியும் இல்லை, இது வேடிக்கை என்றால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். இன்னொருவர் ஒரே வரியில், "வெட்கம்" என்று போஸ்ட் கார்டு போட்டிருந்தார்.

"பெட்டி அங்கதானே இருக்கு? போன வாரம் நம்ம ரெண்டு பேரும் பாத்தோமே?" என்றாள் என்னிடம்.

"பாத்தோம்."

"அப்ப யாரோ ஆளுங்களைத் திருப்பி விடுறாங்க. அந்தாளு நார்த்மோர்தான். அங்க ஒண்ணுமில்ல போகாதீங்கன்னு சொல்லிவிட்டிருப்பாரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் கூட்டத்துக்கு அவள் சமையற்கட்டு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தாள். அறுவடைத் திருநாள் சாப்பாடு சமைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். நார்த்மோர் இறைச்சி பொதிந்த பாஸ்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னறை நிறைய ஆள்.

"மிஸ்டர் நார்த்மோர், உங்களுக்கு என் பெட்டி பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு நேரா சொல்லுங்க. ஊரெல்லாம் போயி இல்லை இல்லைன்னு சொல்றது என்ன பழக்கம்?"

அவர் மென்று முடித்தார். வாயைத் துடைத்தார். "நான் யாருகிட்டயும் சொல்லலையே."

"பின்ன ஏன் ஒருத்தரும் கண்டுபிடிக்கலை?"

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். கோட்டுப் பையிலிருந்து தம் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். மே 12, ஜூன் 30, ஆகஸ்ட் 4. மூன்று தேதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'கிடைக்கவில்லை'. ஆகஸ்ட் தேதிக்குக் கீழே 'இடது பூட்ஸ் போயிற்று'. "மூணு தடவை போனேன், மிஸஸ் கான்டர். எழுபத்திரண்டு வயசு எனக்கு. மூணாவது தடவை ஒத்தைக் காலுல சாக்ஸோட கார் வரைக்கும் வந்தேன். நானும் உங்களை நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இருந்தேன்."

புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த குறிப்புத்தாளை மேசையில் விரித்தார். பெரில் குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. பக்கத்திலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

217 டிகிரி என்று இருந்தது.

ஐந்து மாதம் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அதே தாள் கிடந்தது. வழி தெரிந்தவர்கள் தாளை எதற்குப் படிக்கப் போகிறோம்?

பெரில் நிமிர்ந்தாள். தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன், ஏதாவது ஆகிவிடுமோ என்று. கிளெம் தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்கு நட்ட குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"நான் எழுதிக் குடுத்தது எவ்வளவு, கிளெம்?"

"எது எவ்வளவு?"

"டிகிரி."

"இருநூத்தி எழுபத்தொண்ணு." கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னான். "தப்பா எழுதியிருந்தே. நான் திருத்திட்டேன்."

"தப்பா?"

"மேப்புல வச்சுப் பாத்தேன் பெரில். இருநூத்தி எழுபத்தொண்ணுன்னா நேரா சேத்துக்குள்ள போகுது. நட்டநடுச் சேத்துல யாராவது பெட்டி வைப்பாங்களா? ஒண்ணும் ஏழும் இடம் மாறிப்போச்சுன்னு நெனச்சேன். இருநூத்திப் பதினேழுல பாத்தா நல்ல மேடான இடமா இருந்துச்சு." கையிலிருந்த குச்சிகளை அடுக்கி வைத்தான். "சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன்."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து ஏப்ரனை முகத்தில் போட்டுக்கொண்டாள். கிளெம் என்னைப் பார்த்தான், நான் பீன்ஸைப் பார்த்தேன். ஏப்ரனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சேத்துக்குள்ளதான்டா வழியே. அதுதான் தர்ஸா கண்டுபிடிச்சது."

கிளெம் டீ போடப் போனான்.

அக்டோபரில் நார்த்மோரை அவளே அழைத்துப் போனாள். குற்றம் சாட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அழைத்தாள். அந்த மன்னிப்பைச் சொல்லும்போது அவள் முகம் காய்ந்துபோன மாவு மாதிரி இறுகியிருந்தது. கிளெம்மும் புது ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "நீ வீட்டுல இரு" என்றாள்.

மூவரும் ஹெரன் பாறையிலிருந்து இறங்கினோம். பாதித் தூரத்தில் மூடுபனி வந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்றார் நார்த்மோர். பெரில் நிற்கவில்லை. நார்த்மோர் அவள் கால்தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு இடத்தில் கைத்தடியால் பச்சையை ஊன்றிப் பார்த்தார், தடி கைப்பிடிவரை உள்ளே போயிற்று. கூடவே அவரும் ஒரு காலை விட்டார். பெரில் திரும்பி வந்து, அவர் கோட்டின் பின்கழுத்தைப் பிடித்து, அடுப்பிலிருந்து அண்டாவை இறக்குகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்து நிறுத்தினாள்.

"ஊதாவ மிதிங்கன்னு சொன்னேனே."

"பனியில ஊதா எங்கம்மா தெரியுது?"

மேடு வந்தது, மரம் வந்தது. கல்லை நகர்த்திப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, தர்ஸாவைப் பற்றிய பத்து வரியையும் படித்தார். முத்திரையை மையில் ஒற்றினார். தம் புத்தகத்தில் குத்தப் போனவர் நிறுத்திவிட்டார்.

"என்ன?"

"இதை நான் கண்டுபிடிச்சதா எடுத்துக்க முடியாது, மிஸஸ் கான்டர். வச்சவங்களே கூட்டிட்டு வந்து கையில குடுத்தா அது கணக்கில்ல. தானா தேடிக் கண்டுபிடிக்கணும். விதி அது, நானே எழுதின விதி."

பெரில் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "அப்படின்னா வீல் பாதிரியாரும் கண்டுபிடிக்கலை" என்றாள்.

முத்திரையில் மை காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் நார்த்மோர் அதைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். தம் புத்தகத்தை மூடிக்கொண்டார். "டீ இருக்கா?" என்று கேட்டார். அவள் ஊற்றிக் கொடுத்தாள்.

மறு வருடம் ஜூனில் புதுப் பட்டியல் வந்தது. ஏழாவது பெட்டி அதில் இருந்தது. 271 டிகிரி சரியாக இருந்தது. 'வீல் பாதிரியாருக்கு முன்பே ஊற்றை அறிந்து, அவருக்கு வழிகாட்டியவர்' என்றும் இருந்தது. அதற்கு முன்னால் பெயர்: தெரசா லீமன்.

பெரில் மளிகைக்கடையில் நின்றபடியே படித்தாள். கடைக்காரரிடம் போன் கேட்டாள்.

"தர்ஸா, மிஸ்டர் நார்த்மோர். தர்ஸா."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. அச்சுக்கோத்தவர் மேல் பழி போட்டிருப்பார்.

"எத்தனை பிரதி இன்னும் உங்க வீட்டுல இருக்கு? முந்நூறா? நான் வரேன். ரெண்டு பேனா எடுத்து வைங்க."

அந்தச் சனிக்கிழமை முழுக்க நார்த்மோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளும் அவரும் நானும் முந்நூறு பிரதியிலும் கையால் திருத்தினோம். அவர் ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்து அடித்தார். இவள் சும்மா கோடு கிழித்து மேலே எழுதினாள். ஒரு கட்டத்தில் அவர், இப்படிக் கோணலாக அடித்தால் பட்டியலே அசிங்கமாகிவிடும் என்றார். நீங்கள் ஒன்று அடிப்பதற்குள் நான் ஆறு அடித்துவிட்டேன் என்றாள் இவள். அவர் அளவுகோலைத் தம் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். மூன்று மணி வாக்கில், பெரிலைக் கூட்டிப்போக கிளெம் வந்தான். மேசையைப் பார்த்துவிட்டு, "நானும் ஒரு பேனா எடுக்கட்டுமா?" என்றான்.

"தொடாத" என்றாள் பெரில். நார்த்மோரும் அதே நேரத்தில் அதையே சொன்னார்.

ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகளில் அவள் தெரசாவாகவே இருக்கிறாள். அவற்றை வைத்துக்கொண்டு எழுதிய ஒருவர் சுற்றுலாக் கையேட்டிலும் தெரசா என்றே போட்டுவிட்டார். பெரில் மூன்று கடிதம் எழுதினாள். அடுத்த பதிப்பில் கவனிப்பதாக ஒரு பதில் வந்தது. அடுத்த பதிப்பு வரவே இல்லை.

பெட்டியை அவள் பதினான்கு வருடம் பார்த்துக்கொண்டாள். நனைந்த நோட்டை மாற்றுவாள், மைப்பஞ்சைப் புதுப்பிப்பாள். நோட்டில் வருவதெல்லாம் பெரும்பாலும் புகார்தான். சேறு அதிகம், மரம் தெரியவில்லை, முத்திரையில் இருப்பது டீ பாட்டா வாத்தா. முட்டி வலி வந்து அவளால் போக முடியாமல் போனபின் நான் போகிறேன். போய்விட்டு வந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போய் நோட்டில் இருப்பதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட வேண்டும். போன மாதம் ஒரு வரி: 'இரண்டு பூட்ஸும் போயிற்று. இந்த வழியை முதலில் கண்டுபிடித்தவருக்குப் புத்தி சரியில்லை.'

இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"கண்டுபிடிச்சவ பேரைப் போட்டிருக்கானா?"

"இல்ல."

"அடுத்த தடவை போறப்ப அதுக்குக் கீழ எழுதுங்க டீச்சர். தர்ஸா. எழுத்து ஒவ்வொண்ணும் தனித்தனியா, தெளிவா."

எழுதினேன். அதற்குள் மழைத்தண்ணீர் புகுந்து அந்தப் பக்கம் பாதி கரைந்திருந்தது. ஓரத்தில் இருந்த காய்ந்த இடத்தில் எழுத வேண்டியதாயிற்று.